வெள்ளத்தில் நின்ற பழைய கார்: சாவியைத் திருப்பும் முன் பார்க்க வேண்டியவை

2015 டிசம்பர் 2-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாறு கரை மீறியது. முடிச்சூர், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என ஆற்றை ஒட்டிய தெருக்களில் நிறுத்தியிருந்த கார்கள் தண்ணீருக்குள் போயின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஆந்திராவின் பாபட்லா அருகே கரையைக் கடக்கும் முன் சென்னைக் கடலோரத்தை உரசிக்கொண்டு போனபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் மறுபடியும் அதே நிலைமை. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்த உடனே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அவர்கள் அந்த டிசம்பர்களை அனுபவித்தவர்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு நடப்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். புதுக் கார் என்றால் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு இழுத்துப் போய் காப்பீட்டுக்காரரிடம் பேசலாம். பதினைந்து இருபது வருடம் ஓடிய மாருதி 800, ஜென், சான்ட்ரோ, இல்லை ஒரு அம்பாசடர் வைத்திருப்பவருக்கு அந்த வழி பெரும்பாலும் இருக்காது. தெருமுனை மெக்கானிக்கும் அவரும் சேர்ந்துதான் கோளாறைக் கண்டுபிடித்தாக வேண்டும். இதற்கிடையில் சுற்றி நிற்கிறவர்கள், "சும்மா ஒரு தடவை செல்ஃப் அடிச்சுப் பாருங்க சார்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

அந்த ஒரு தடவைதான் ஆபத்து. இரவு முழுக்கத் தண்ணீரில் நின்றும் கெடாத இஞ்சின், மறுநாள் காலை மூன்று விநாடி செல்ஃப் அடித்ததில் கெட்டுப்போகும். "ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை?" என்பது இரண்டாவது கேள்வி. "இதை இப்போது சுற்றலாமா?" என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் கிடைக்கும்வரை சாவி சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

35 மில்லி தண்ணீர்

காரணம் மிகவும் எளியது. காற்றையும் பெட்ரோல் ஆவியையும் அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. மாருதி 800-ல் இருக்கும் எஃப்8பி இஞ்சின் 796 சிசி, மூன்று சிலிண்டர். ஆக ஒரு சிலிண்டருக்கு 265 சிசி. கம்ப்ரஷன் விகிதம் கிட்டத்தட்ட 8.7-க்கு 1. கணக்குப் போட்டால், பிஸ்டன் உச்சிக்கு வந்து நிற்கும்போது அதற்கு மேல் மிஞ்சுகிற இடம் ஏறத்தாழ 35 மில்லிதான். வால்வுகள் மூடிய நிலையில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் உள்ளே இருந்தால் போதும், பிஸ்டனால் மேலே வர முடியாது. பழைய டீசல் கார்களில் கம்ப்ரஷன் விகிதம் 22-க்கு 1 வரை போகும். 350 சிசி சிலிண்டரில் அங்கே மிஞ்சுவது 17 மில்லி, அதாவது மூன்று டீஸ்பூனைக் கொஞ்சம் தாண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் இஞ்சின் ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீரை இழுத்தால் பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் தண்டான கனெக்டிங் ராடு அங்கேயே வளையும். சுரங்கப்பாதையில் "டக்" என்று ஒரு சத்தத்தோடு நின்றுபோன கார்களுக்கு நேர்வது இது. நிறுத்தி வைத்திருந்த காரில் கதை வேறு. செல்ஃப் மோட்டாரின் பலம் மட்டும் என்றால் பல சமயம் இஞ்சின் பாதியில் முட்டி நின்றுவிடும், ராடு தப்பிக்கும். ஆனால் ஒரு சிலிண்டரில் தண்ணீர் இருந்து, மற்ற இரண்டில் ஒன்றில் பெட்ரோல் பற்றிக்கொண்டால், அந்த வெடிப்பின் வேகம் தண்ணீர் இருக்கும் சிலிண்டரின் ராடை வளைத்துவிடும். இரண்டாவது கியரில் போட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்வது இதைவிடவும் மோசம். அங்கே காரின் மொத்த எடையும் சக்கரம் வழியாக வந்து அந்தப் பிஸ்டனை மேலே தள்ளுகிறது. வெள்ளத்தில் நின்ற காரைக் கயிறு கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்ய யாராவது முன்வந்தால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள்.

ராடு வளைந்தாலும் கார் ஓடலாம் என்பது இதில் ஏமாற்றும் விஷயம். கொஞ்சம் நடுக்கம், கொஞ்சம் சத்தம், அவ்வளவுதான். சில வாரங்கள், சில நூறு கிலோமீட்டர் கழித்து ஒருநாள் நெடுஞ்சாலையில் அந்த ராடு முறிந்து பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். அப்போது யாரும் வெள்ளத்தை நினைப்பதில்லை, இஞ்சின் பழசு என்று முடித்துவிடுவார்கள்.

தண்ணீர் எதுவரை வந்தது

முதல் வேலைக்குக் கருவியே வேண்டாம். காரைச் சுற்றி வந்து சேற்றுக்கோட்டைத் தேடுங்கள். கதவின் உள்பக்கத்தில், சீட்டின் ஓரத்தில், பானட்டுக்குள் பேட்டரியின் பக்கவாட்டில் தண்ணீர் நின்ற மட்டம் ஒரு கோடாகத் தெரியும். கழுவும் முன் பார்த்தாக வேண்டும், மொபைலில் படமும் எடுத்துக்கொள்ள வேண்டும். காப்பீடு இருந்தால் அதற்கும் உதவும்.

தண்ணீர் தரை மேட் மட்டத்தோடு நின்றிருந்தால் கவலை பிரேக், சைலன்சர், கியர்பாக்ஸ், சக்கர பேரிங் இவற்றோடு பெரும்பாலும் முடிந்துவிடும். சீட் மட்டம் என்றால் செல்ஃப் மோட்டார், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், கார்பெட்டுக்குக் கீழே ஓடும் ஒயரிங், பல மாடல்களில் டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் ஈசியு (இஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) எல்லாம் கணக்கில் வரும். டேஷ்போர்டைத் தொட்டிருந்தால் இஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

நல்ல சாட்சி ஏர் ஃபில்டர். அதன் டப்பாவைத் திறந்து பாருங்கள். காகித ஃபில்டர் நனைந்து சேறு ஒட்டியிருந்தால் மூச்சுவழியாகத் தண்ணீர் போயிருக்கிறது. உலர்ந்திருந்தால் பாதி நிம்மதி. பாதி என்று சொல்வதற்குக் காரணம் சைலன்சர். அதன் வாய் தாழ்வாக இருப்பதால் அந்தப் பக்கத்திலிருந்தும் தண்ணீர் ஏறும். நின்ற இஞ்சினில் ஏதாவது ஒரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருப்பது சகஜம், மட்டம் அதுவரை வந்தால் தண்ணீர் நேராக உள்ளே போய்விடும்.

உரிமையாளரிடம் கேட்க வேண்டியவை மூன்று. கார் நின்றபோது நனைந்ததா, ஓடும்போது நின்றுபோனதா? எத்தனை மணி நேரம் தண்ணீரில் இருந்தது? அதற்குப் பிறகு யாராவது சாவி போட்டார்களா? மூன்றாவதற்கு உண்மையான பதில் வருவது கஷ்டம். கூச்சப்பட்டு "இல்லை" என்பார்கள். திட்டாமல், பயமுறுத்தாமல் கேட்டால் சொல்வார்கள். அந்தப் பதில் தெரிந்தால் பாதி நாள் வேலை மிச்சம்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். மழைநீர் மட்டும் என்றால் நிலைமை பரவாயில்லை. சாக்கடையும் வண்டலும் கலந்ததென்றால் பெல்ட் பற்களில், பேரிங்கில், ஒயர்களை இணைக்கும் கப்ளர்களில் மணல் உட்கார்ந்திருக்கும். 2023-ல் எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் வீடுகளுக்குள் வந்தது. அப்படி நனைந்த காரில் ரப்பர் புஷ்களும் சீல்களும் ஊறிப் பருத்துவிடும். கடல்நீரோ உப்பங்கழித் தண்ணீரோ புகுந்த கார் இன்னும் அவசரம். ஒயரிங்கை உப்பு அரிப்பதற்கு நாள்கணக்கு வேண்டாம்.

பேட்டரியை உடனே கழற்றுவது ஏன்

மைனஸ் டெர்மினலை முதலில் கழற்றுங்கள், ஈரம் காய்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட வேண்டாம். ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும் என்ற பயம் ஒரு காரணம். அதைவிட மெதுவாகவும் உறுதியாகவும் நடக்கும் கேடு இன்னொன்று. சாவி போடாவிட்டாலும் சில ஒயர்களில் 12 வோல்ட் எப்போதும் இருக்கும். ஈரமான கப்ளருக்குள் பிளஸ் முனையிலிருந்து பக்கத்து எர்த் முனைக்குத் தண்ணீர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் கசியும். அப்படிக் கசியும்போது பிளஸ் முனையின் செம்பு கரைகிறது. வெள்ளக் காரின் கப்ளரைத் திறந்தால் ஒரு சில பின்கள் மட்டும் பச்சைப் பசேல் என்று பூத்திருப்பதைப் பார்க்கலாம். பேட்டரி இணைப்போடு அந்தக் கார் எத்தனை நாள் நின்றது என்பதை அந்தப் பச்சையே சொல்லும்.

ஆயில், பிளக், கையால் ஒரு சுற்று

அடுத்து ஆயில் மட்டம் பார்க்கும் குச்சி, டிப் ஸ்டிக். ஆயில் பால் கலந்த டீ போல வெளுத்திருந்தாலோ, மட்டம் முன்னைவிட ஏறியிருந்தாலோ தண்ணீர், இஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்புக்குள் போயிருக்கிறது. ஆயில் கறுப்பாகத் தெரிவதால் மட்டும் நம்பிவிடக் கூடாது. தண்ணீர் ஆயிலைவிடக் கனம், சுற்றாத இஞ்சினில் அது அடியில் தனியாகக் கிடக்கும், டிப் ஸ்டிக்கில் ஒட்டாது. ஒரு நாள் அசைக்காமல் வைத்துவிட்டு ட்ரெயின் போல்ட்டை முழுதாகக் கழற்றாமல் மெல்லத் தளர்த்துங்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் சொட்டும். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் வெள்ளைப் பசை இருந்தால் பதற வேண்டாம். தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் கார்களில் அது சாதாரணமாகவே படியும். வெள்ளத்துக்கு முன்பே ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டிருந்தது என்று உரிமையாளர் சொன்னால், சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் பழைய பிரச்சினையாக இருக்கலாம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க இந்தக் கேள்வி அவசியம்.

இனி ஸ்பார்க் பிளக்குகள். எல்லாவற்றையும் கழற்றி, எது எந்தச் சிலிண்டரிலிருந்து வந்தது என்று வரிசையாக வையுங்கள். ஈரமாக, துருப்பிடித்து வந்தது எது என்று பார்த்தாலே தண்ணீர் எங்கே போனது என்பது தெரியும். பிளக் இல்லாத நிலையில் கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். ஸ்பேனருக்கு இடம் இல்லாவிட்டால் காரை டாப் கியரில் போட்டு, சமதரையில், கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளலாம். பிளக் ஓட்டை திறந்திருப்பதால் தண்ணீருக்கு வெளியே போக வழி உண்டு, இந்தத் தள்ளுதலில் ஆபத்தில்லை. இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் வந்தால் பெரிய கண்டம் தாண்டியாயிற்று. எங்கேயாவது இறுகினால் வற்புறுத்தக் கூடாது. ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் இஞ்சின் ஆயில் விட்டு ஒரு இரவு ஊற விடுங்கள். வார்ப்பிரும்பில் துரு பிடிக்க நம் ஊர் ஈரக்காற்றில் ஒரே நாள் போதும். ஒரு வாரம் விட்டால் பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். காயட்டும் என்று வாரக்கணக்கில் காரை வெயிலில் நிறுத்துவது வெளியே காய வைக்கும், உள்ளே துருப்பிடிக்க வைக்கும்.

கையால் சுற்றிய பிறகுதான் செல்ஃப். இக்னிஷன் காயிலின் இணைப்பைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டர் இல்லாமல் மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் கார் என்றால் பெட்ரோல் பம்ப் ஃபியூசையும் எடுத்துவிட்டு, பிளக் இல்லாமலே சில விநாடி சுற்றுங்கள். மிச்சமிருக்கும் தண்ணீர் ஓட்டை வழியாகப் பீய்ச்சி அடிக்கும். முகத்தை அருகில் கொண்டுபோகாதீர்கள். அதில் பெட்ரோலும் கலந்திருக்கும் என்பதால் அந்த நேரம் பக்கத்தில் தீப்பொறி எதுவும் ஆகாது.

பிறகு ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் கம்ப்ரஷன் கேஜ். என்னைக் கேட்டால், வெள்ளக் காரில் யாரும் விட்டுவிடக் கூடாத சோதனை இது, அதிகம் பேர் விட்டுவிடுவதும் இதைத்தான். எல்லாச் சிலிண்டரிலும் அளவு ஏறத்தாழ ஒன்றாக வந்தால் நல்லது. ஒன்று மட்டும் தெளிவாகக் குறைந்தால், கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் ரிங் பிரச்சினை. ஏறாவிட்டால் வால்வோ, கேஸ்கட்டோ, வளைந்த ராடோ. ராடு வளைந்து குட்டையாகிவிட்டால் பிஸ்டன் முன்பு போல உச்சிவரை வராது, அதனால்தான் அழுத்தம் குறைகிறது. தண்ணீர் வந்த சிலிண்டரும் அழுத்தம் குறைந்த சிலிண்டரும் ஒன்றாக இருந்தால் ஹெட்டைக் கழற்றிப் பார்க்காமல் அந்தக் காரை ஓட்டக் கூடாது.

சத்தத்தை வைத்துப் பிரிப்பது

இஞ்சின் சுற்றுவதற்குத் தகுதியானது என்று உறுதியான பிறகு, "ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை?" என்ற கேள்விக்கு வரலாம். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பிளக்குகளைப் போட்டு, நன்றாக சார்ஜ் ஆன பேட்டரியை இணைத்தபின் சாவியைத் திருப்பினால் கேட்கும் சத்தமே வழி காட்டும்.

சத்தமே இல்லை என்றால் ஃபியூஸ், இக்னிஷன் ஸ்விட்ச், செல்ஃப் ரிலே, எர்த் என்று பார்க்க வேண்டும். "டிக்" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தால் செல்ஃப் மோட்டாரின் மின் ஸ்விட்சான சோலினாய்டு வேலை செய்கிறது, மோட்டார் சுற்றவில்லை. செல்ஃப் மோட்டார் காரின் தாழ்வான பகுதியில் இருப்பதால் முதலில் நனைவதும் கடைசியில் காய்வதும் அதுதான். கழற்றிப் பிரித்தால் கார்பன் பிரஷ் சேற்றில் சிக்கி, புஷ் துருப்பிடித்து இருக்கும். சுத்தம் செய்து கிரீஸ் வைத்தால் பழைய மோட்டார்கள் பெரும்பாலும் பிழைத்துவிடும், புதிது வாங்கத் தேவையில்லை. ஆனால் மோட்டாரைக் கழற்றும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். பேட்டரி முழுதாக இருந்தால் 12.6 வோல்ட் காட்டும், செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. பேட்டரியின் மைனஸ் முனைக்கும் இஞ்சின் பிளாக்குக்கும் இடையே, செல்ஃப் அடிக்கும் நேரத்தில் அளந்தால் அரை வோல்ட்டுக்கு மேல் வரக் கூடாது. வந்தால் எர்த் ஒயரின் முனை துருப்பிடித்திருக்கிறது. பழைய கார்களில் இந்த ஒரு ஒயரைச் சுரண்டிச் சுத்தம் செய்ததிலேயே பல "செத்த" செல்ஃப்கள் உயிர் பெறும்.

இஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை. இந்த இடத்தில்தான் பழைய காரின் வயது பெரிய வித்தியாசம் செய்கிறது. கார்புரேட்டரும், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரும் உள்ள கார் என்றால், என் கணிப்பில், பிழைக்கும் வாய்ப்பு அதிகம். எல்லாவற்றையும் கண்ணால் பார்த்து, கையால் துடைத்து, தனித்தனியாகச் சோதிக்க முடியும்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே முத்து முத்தாக ஈரம் பூத்திருக்கும். பிளக்குக்குப் போக வேண்டிய ஆயிரக்கணக்கான வோல்ட் அந்த ஈரத்தின் மேல் ஓடி எர்த் ஆகிவிடும். உலர்ந்த துணியால் துடைத்து, காண்டாக்ட் கிளீனர் அடித்து, நன்றாக ஆவியாக விட்டு மூடுங்கள். துடைத்த பிறகும் மூடியின் உள்புறத்தில் பென்சிலால் கிறுக்கியது போல மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால் அது கரிப்பாதை. மின்சாரம் ஒருமுறை கண்டுபிடித்த அந்தப் பாதை துடைத்தாலும் போகாது, மூடியை மாற்றத்தான் வேண்டும். அம்பாசடர் போல, ஸ்பார்க்கைத் தூண்டும் பாயின்ட் (தொட்டுப் பிரியும் உலோக முனைகள்) வைத்த கார்களில் பாயின்ட் முனையில் துரு ஏறியிருக்கும். மெல்லிய எமரித் தாளால் தேய்த்து, இடைவெளியை 0.4 மில்லிமீட்டர் அளவுக்கு வைக்க வேண்டும். பிளக்குகளுக்குப் போகும் பழைய ஹெச்டி (ஹை டென்ஷன்) ஒயர்களில் வெடிப்பு இருந்தால் இருட்டில் செல்ஃப் அடிக்கும்போது நீலப் பொறி தாவுவது வெளியிலேயே தெரியும். மழைக்காலம் வந்தாலே ஸ்டார்ட் ஆக மறுக்கும் காருக்கும் பெரும்பாலும் காரணம் இதுதான்.

ஸ்பார்க் சரியாக இருந்தும் பற்றவில்லை என்றால் பெட்ரோல். டேங்குக்குள் மூடி வழியாகவோ காற்றுக்குழாய் வழியாகவோ தண்ணீர் போயிருந்தால் அது அடியில் போய் உட்காரும். பெட்ரோலை உறிஞ்சும் குழாயும் அடியில்தான் இருக்கிறது. ஆகவே டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்தாலும் இஞ்சினுக்கு முதலில் போவது தண்ணீர். கார்புரேட்டரின் ஃப்ளோட் கிண்ணத்திலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் விட்டு வைத்தால் அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நிற்பதைப் பார்க்கலாம்.

இப்போது இதில் ஒரு புதுச் சிக்கல் சேர்ந்திருக்கிறது. இந்தியாவில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022-ல் 10 சதவீதத்தையும் 2025-ல் 20 சதவீதத்தையும் எட்டியது. எத்தனால் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். 10 சதவீதக் கலவையில் லிட்டருக்கு ஏறத்தாழ 5 மில்லி வரை தண்ணீர் கரைந்தே இருக்கும், பார்த்தால் தெரியாது. அதைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தனி அடுக்காக இறங்கிவிடும். மேலே மிஞ்சும் பெட்ரோலின் ஆக்டேன் அளவும் குறைந்துவிடும். அடியில் தேங்கிய தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டு மிச்சப் பெட்ரோலைப் பயன்படுத்தும் பழைய பழக்கம் இனி சரிவராது. டேங்க்கை முழுதாகக் காலி செய்து, ஃபில்டரை மாற்றி, புதுப் பெட்ரோல் ஊற்றுவதுதான் வழி. மாருதி 800-ன் கார்புரேட்டர் மாடலில் கேம்ஷாஃப்ட் இயக்கும் மெக்கானிக்கல் பம்ப் என்பதால் அது சுலபத்தில் கெடாது. இன்ஜெக்‌ஷன் மாடல்களில் டேங்குக்குள்ளேயே மின்சார பம்ப் இருக்கிறது. தண்ணீர் கலந்த பெட்ரோலில் அது நீண்ட நேரம் ஓடினால் பழுதாகும்.

அந்த இன்ஜெக்‌ஷன் மாடல்களுக்குச் சோதனை வரிசையும் வேறு. சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் இஞ்சின் விளக்கு எரிய வேண்டும், பின் சீட்டுப் பக்கமிருந்து பம்ப் ஓரிரு விநாடி "உம்ம்" என்று இரைவது கேட்க வேண்டும். விளக்கு எரியவே இல்லை என்றால் ஈசியு போச்சு என்று முடிவுகட்ட வேண்டாம். முதலில் மெயின் ரிலே, ஃபியூஸ், ஈசியுவின் எர்த் மூன்றையும் பாருங்கள். இந்த மூன்றில் ஒன்று துருப்பிடித்திருப்பது ஈசியு செத்துப்போவதைவிட அதிகம் நடக்கும், செலவும் மிகக் குறைவு. சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆக விடாத இம்மொபிலைசரின் விளக்கு விடாமல் மின்னினால் சாவியை அடையாளம் காணும் பகுதியில் ஈரம். அந்த நிலையில் இஞ்சின் சுற்றும், ஆனால் பற்றாது.

ஈசியு நனைந்தே போயிருந்தால் பேட்டரி இணைப்பு இல்லாத நிலையில் கழற்றி, டப்பாவைத் திறந்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் மெல்லிய பிரஷ் கொண்டு கழுவி, மிதமான காற்றில் ஓரிரு நாள் காய விட வேண்டும். மின்சாரம் இல்லாத நிலையில் நனைந்த போர்டுகள் பல தப்பிக்கும். அரிசி மூட்டைக்குள் புதைத்து வைப்பதால் ஒரு பயனும் இல்லை, சிப் காலடியில் படிந்த சேற்றை அரிசி எடுக்காது. ஹேர் டிரையரை நெருக்கமாக வைப்பதும் வேண்டாம்.

ஸ்டார்ட் ஆகி உடனே நின்றுவிடும் கார் ஒன்று உண்டு. பெட்ரோலில் தண்ணீரோ, சைலன்சருக்குள் தண்ணீரோ காரணமாக இருக்கும். சைலன்சர் பெட்டி நிறையத் தண்ணீர் இருந்தால் புகைக்கு வெளியே போக வழியில்லை, இஞ்சின் மூச்சு முட்டி நிற்கும். முன் பக்கத்தை ஜாக்கியால் தூக்கித் தண்ணீரை வடிய விட்டாலே சரியாகும்.

ஓடத் தொடங்கிய பிறகு

கார் ஸ்டார்ட் ஆனதும் எல்லாரும் கை தட்டிவிட்டுக் கலைந்துவிடுகிறார்கள். எனக்கு உண்மையான வருத்தம் இங்கேதான். காப்பாற்றிய காரை மறுபடி இழப்பது பெரும்பாலும் இதற்கு அடுத்த ஒரு மாதத்தில்.

முதல் ஆயில் மாற்றம் போதாது. பத்து நிமிடம் வேகம் கொடுக்காமல் ஓட விட்டு, அந்த ஆயிலையும் வடித்துவிட வேண்டும். இரண்டாம் தடவையும் வெளுத்து வந்தால் மூன்றாம் தடவை. மாருதி 800-க்கு ஒரு தடவைக்குச் சுமார் 3 லிட்டர் ஆகும், கழுவுவதற்கு விலை குறைந்த ஆயிலே போதும். தண்ணீர் கலந்த ஆயில் கிராங்க் பேரிங்கில் படலமாக நிற்காது, உலோகம் உலோகத்தோடு உரசும். கியர்பாக்ஸை யாரும் நினைப்பதில்லை. அதன் மேலே காற்றுக்குழாய் உண்டு, மூழ்கினால் அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். சத்தமில்லாமல் ஓடும், சில மாதம் கழித்து பேரிங் இரையும். கியர் ஆயிலை அன்றைக்கே மாற்றிவிடுங்கள். கியர் விழவே மாட்டேன் என்றால் கிளட்ச் பிளேட் துருப்பிடித்து ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கலாம்.

பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது. முழுதாக மாற்ற வேண்டும், பின் டிரம்களைக் கழற்றிச் சேற்றைக் கழுவ வேண்டும். டைமிங் பெல்ட் மூடியைத் திறந்து மணலை அகற்றி, பெல்ட் சேற்றிலோ எண்ணெயிலோ ஊறியிருந்தால் மாற்ற வேண்டும். கார்பெட்டை எடுத்து அடியிலிருக்கும் பஞ்சைக் காய வையுங்கள். மேலே காய்ந்தது போலத் தெரியும், அடியில் வாரக்கணக்கில் ஈரம் நிற்கும், தரைத் தகடு உளுத்துப்போகும். தண்ணீர் ஒயரின் மேலுறைக்குள் இழைகளின் ஊடே ஊர்ந்து போகும் என்பதால், மூழ்காத கப்ளரில்கூடச் சில வாரங்கள் கழித்துப் பச்சை பூக்கலாம். ஒரு மாதம் கழித்து முக்கியமான கப்ளர்களை மறுபடி ஒரு தடவை திறந்து பாருங்கள்.

பணக் கணக்கு

வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி என்றால் வெள்ளச் சேதத்துக்கு எதுவும் வராது. முழுக் காப்பீடு இருந்தால் வெள்ளம் அதில் அடங்கும். ஆனால் தண்ணீர் புகுந்த இஞ்சினைச் சுற்றியதால் வந்த சேதம் விளைவுச் சேதம் என்று ஒதுக்கப்படும், அதற்குத் தனியாக இஞ்சின் பாதுகாப்புச் சேர்க்கை வாங்கியிருக்க வேண்டும். பழைய காருக்கு அதைப் பெரும்பாலும் தருவதில்லை. சாவியைத் திருப்பாமல் இருப்பதற்கு இது இன்னொரு காரணம். கிடைக்கும் தொகையிலும் தேய்மானத்துக்கான கழிவு உண்டு. ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரி, டயருக்கு 50 சதவீதம், 10 வருடம் தாண்டிய காரின் உலோக பாகங்களுக்கும் 50 சதவீதம். பழுதுச் செலவு ஐடிவி (பாலிசியில் குறித்த காரின் மதிப்பு) தொகையில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாக எடுத்துக்கொள்வார்கள். ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட காருக்கு ஐடிவி இரு தரப்பும் பேசி முடிவு செய்வது என்பதால், பாலிசி புதுப்பிக்கும்போதே அதைக் கவனித்துக்கொள்வது நல்லது.

உங்கள் கைக்காசில் செய்வதென்றால் என் யோசனை இது. கையால் சுற்றி, கம்ப்ரஷன் சரியாக வந்த கார்புரேட்டர் கார் என்றால் தயங்காமல் செலவு செய்யலாம். 800-க்கு உதிரி பாகம் இன்னும் எளிதாகக் கிடைக்கிறது. டேஷ்போர்டு வரை மூழ்கி, பேட்டரி இணைப்போடு பல நாள் நின்ற இன்ஜெக்‌ஷன் கார் என்றால், ஒயரிங்கை முழுதாக மாற்ற என்ன ஆகும் என்று முதலில் விசாரித்துவிட்டு அப்புறம் இஞ்சினில் கை வையுங்கள். இஞ்சின் நன்றாக இருந்தும் ஒயரிங்கால் தோற்றுப்போன கார்கள் நிறைய.

ஈசியுவோ ஆல்டர்னேட்டரோ தேடி, சென்னையின் பழைய உதிரி பாகச் சந்தையான புதுப்பேட்டைக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு அங்கே பிரித்து விற்கப்படும் கார்களில் வெள்ளத்தில் நின்ற கார்களும் இருக்கும். கப்ளர் பின்களைப் பார்த்து, திருகுகளின் தலையில் புதுத் துரு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஈசியு என்றால் பாக எண் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இம்மொபிலைசர் உள்ள மாடல் என்றால் அந்தக் காரின் சாவியும் இம்மொபிலைசர் பெட்டியும் சேர்த்தே வாங்க வேண்டும், இல்லையென்றால் உங்கள் சாவியைப் புதிதாகப் பதிவு செய்து தரக்கூடியவர் இருக்கிறாரா என்று விசாரித்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.